மன்னார் வாக்கும் ஒரு சோற்றுப் பதமும்

மன்னார்த் தாம்போதியைக் கடந்து தீவினுட் புகுவோரைத் தலைமன்னார் வரை அழைத்துச் செல்லும் பெருஞ்சாலை ஒன்றே. அச்சாலையிலும் அதிலிருந்து பிரியும் கிளை வழிகளிலும் ஊருக்கு ஊர் ஒரு பாடசாலை உண்டு. தேர்தல் நாளன்று அப்பாடசாலைகள் வாக்களிப்பு நிலையங்களாகின்றன. மன்னார் நகரிலுள்ள நிலையங்களிற் பல சமயத்தாரும் ஒரே வரிசையில் நிற்பர். கிளை வழியாக எருக்கலம்பிட்டிக்குச் சென்றால் வரிசையில் நிற்போர் ஏறத்தாழ எல்லாரும் முஸ்லிம்கள். தாராபுரமும் அத்தகைய ஊரே. மேலும் மேற்கே சென்று பேசாலையை அடைந்தால் அது கத்தோலிக்க மீனவரின் ஊர். தாம்போதிக்கு இப்பால், பெருநிலக் கரையில், வங்காலையும் அவ்வாறே. சிலாவத்துறையைச் சூழ்ந்த முசலிப் பகுதியிலோ முஸ்லிம் ஊர்கள் மிகுதி. திருக்கேதீச்சரத்தின் அயலிலும் உட்புறத்து வயலூர்களிலும் சைவக் குடிகள் வாழ்கின்றனர்.

இப்பாடசாலைகளின் வெளிப்புறத்தே ஒருவர் குறிப்பேட்டுடன் நின்று, வாக்களித்துவிட்டு வருவோரை மறித்து, "யாருக்குப் புள்ளடி இட்டீர்கள்?" என்று வினவுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஊரிலும் அவருக்கு வெவ்வேறு விடை கிடைக்கும். ஆனால் ஓரூருக்குள் பெரும்பாலும் ஒரே விடை கிடைக்கும். அவ்விடைகளையெல்லாம் கூட்டினால் மன்னாரின் தீர்ப்பு வெளிப்பட்டுவிடுமா என்பது ஒரு கேள்வி. அவ்வாறு வினவுவது தகுமா என்பது மற்றொரு கேள்வி. முன்னது கணிதத்தைச் சார்ந்தது. பின்னது மக்களின் பாதுகாப்பைச் சார்ந்தது. ஆயினும் ஆராயுங்கால் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது புலனாகும்.

இவ்வகை வினாவுதலை ஆங்கிலத்தில் 'எக்ஸிட் போல்' என்பர். தமிழில் வாயிற் கணிப்பு எனலாம். தேர்தலுக்கு முன் நடத்தப்படும் கருத்துக் கணிப்பு, ஒருவர் இனிச் செய்யப்போவதைக் கேட்கிறது. அவர் மனம் மாறலாம். அன்று வாக்களிக்கச் செல்லாமலே இருந்துவிடலாம். வாயிற் கணிப்போ செய்து முடித்த செயலைப் பற்றிக் கேட்கிறது. கேட்கப்படுபவர் வாக்களித்தவர் என்பதில் ஐயமில்லை. என்ன செய்தார் என்பதை மறந்திருக்கவும் நேரமில்லை. இதுவே அதன் பெருஞ் சிறப்பு.

1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கென்ரக்கி மாநில ஆளுநர் தேர்தலின்போது, சீ.பீ.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்துக்காக வாரன் மிற்றொஃப்ஸ்கி என்பார் இம்முறையைக் கையாண்டார். அவரும் அவர்வழி வந்தோரும் வகுத்த நெறிகள் எளியவை. முதலாவதாக, எந்த நிலையங்களுக்குச் செல்வது என்பதைக் கணிப்பாளரின் விருப்பத்துக்கு விடாமற் குலுக்கல் முறையில் முன்கூட்டியே தெரிந்துகொள்ளல் வேண்டும். அடுத்து, வாயிலில் நிற்பவர் தமக்கு இனிய முகத்தாரைத் தேடிச் செல்லலாகாது. வெளிவருவோரில் ஐந்தாமவரையோ பத்தாமவரையோ ஓர் ஒழுங்கின்படி அணுகவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது மூன்றாவது: விடையை வாயாற் கூறும்படி கேட்பதில்லை. ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து, அதிலே குறியிட்டு மடித்து ஒரு பெட்டியில் இடுமாறு வேண்டுவர். வாக்குச் சீட்டின் மறைவை வாயிலுக்கு வெளியேயும் ஓரளவு தொடரச் செய்யும் உபாயம் அது. அருகில் நிற்கும் அயலார் அறியார், கேட்பவரும் அறியார். நல்ல கணிப்பையும் வெறும் விடுப்புக் கேட்டலையும் வேறுபடுத்துவது அந்த மடித்த தாள்தான்.

இந்தியாவில் 1996 பொதுத் தேர்தலின்போது தூர்தர்ஷனுக்காக டெல்லி ஆய்வு நிலையமொன்று நாடு தழுவிய வாயிற் கணிப்பை நடத்திய பின்னர், அங்கே இது தேர்தல்தோறும் வரும் திருவிழாவாயிற்று. இலங்கையில் அத்தகைய வழக்கம் வேரூன்றவில்லை. இங்கே தேர்தல் இரவன்று வானொலியைச் சூழ்ந்திருப்போர், முதலில் வரும் தபால் வாக்கு முடிவுகளைக் கொண்டே வரப்போவதை ஊகிப்பர். அரச ஊழியர்களின் வாக்குகளே பெரும்பாலும் தபால் வாக்குகள் ஆதலின், அவை நாட்டு மக்கள் அனைவரின் மாதிரியாகமாட்டா. எனினும் நேயர்கள் ஊகிப்பதை விடுவதில்லை. காத்திருக்கும் இரவு அத்துணை நீண்டது!

இனி, முதற் கேள்விக்கு வருவோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் யாவரும் அறிந்த பழமொழி. மாதிரிக் கணிப்பின் முழுத் தத்துவமும் அதில் அடங்கியிருக்கிறது. பானையின் அளவு பெரிதாயினும் பதம் பார்க்கப் பிடி சோறு வேண்டியதில்லை. சில பருக்கைகள் போதும். ஒழுங்காகத் தெரிந்தெடுத்த ஆயிரம் பேரைக் கேட்டாற் கிடைக்கும் விடை, உண்மையிலிருந்து பெரும்பாலும் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் விலகுவதில்லை. நானூறு பேரைக் கேட்டால் அவ்விலகல் ஐந்தாகும். வாக்காளர் தொகை தொண்ணூறாயிரமா, ஒன்பது கோடியா என்பது இக்கணக்கை ஏறக்குறையப் பாதிப்பதில்லை. 2024 இல் மன்னார்த் தேர்தல் தொகுதியில் வாக்காளர் இடாப்பிற் பெயருள்ளோர் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேர். தொகை சிறிது, ஆகவே நூறு பேரைக் கேட்டாற் போதும் என்று எண்ணுவோர் இவ்விடத்தே தவறுவர்.

ஆயின் பழமொழி ஒரு நிபந்தனையைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. பானை ஒன்றாக இருக்கவேண்டும்; உள்ளிருப்பது ஒருங்கே கொதித்திருக்கவேண்டும். மன்னார் ஒரு பானையன்று. ஒரே அடுப்பங்கரையில் வரிசையாக வைத்த பல பானைகள். ஒரு பானையின் சோறு மற்றொன்றின் பதத்தைச் சொல்லாது. பேசாலையின் ஒரு நிலையத்தில் ஐம்பது பேரைக் கேட்டால் ஐம்பது விடைகள் கிடைக்கும்; ஆனால் அவை ஐம்பது புதிய செய்திகள் அல்ல. முதல் ஐந்தாறு பேரின் விடையே மீண்டும் மீண்டும் வரக்கூடும். எனவே பத்து ஊர்களில் ஐம்பது பேரையன்று, ஐம்பது இடங்களிற் பத்துப் பேரைக் கேட்பதே அறிவுடைமை. அதற்கோ ஆட்செலவு மிகும். ஒரு மாவட்டத்துக்காக அத்தனை செலவு செய்ய எந்த நிறுவனமும் எளிதில் முன்வராது. கொழும்பிலிருந்து நாடு முழுவதற்கும் கணிப்பு நடத்துவோர் மன்னாருக்கு ஒரு நிலையத்தையோ இரண்டையோ ஒதுக்கினால், அந்நிலையம் எந்த ஊரில் விழுந்ததோ அவ்வூரே மன்னார் ஆகிவிடும்.

நேரமும் கவனிக்கத்தக்கது. 2024 இல் வாக்களிப்பு காலை ஏழு மணி தொடக்கம் பிற்பகல் நான்கு மணி வரை நடைபெற்றது. கடற்கரையூரில் நாளின் ஒழுங்கு நகரத்தின் ஒழுங்கன்று. இரவில் வலை விரித்தவர் விடியலிற் கரையேறி, மீனைப் பிரித்து, விற்று, வலையைச் சீர்செய்தபின்னரே பாடசாலைக்கு வருவார். வயலூர்க்காரர் வெயிலுக்கு முன் வந்து போவார். கணிப்பாளர் பத்து மணிக்கு வந்து நண்பகலிற் புறப்பட்டுவிட்டால், ஒரு தொழிலாரின் விடையைக் கேட்டு மற்றைத் தொழிலாரின் விடையைத் தவறவிட்டவராவார். நிலையம் திறந்தது முதல் மூடும்வரை நிற்றல் வேண்டும் என்ற விதி இதனாலேயே ஏற்பட்டது.

பிரித்தானியர் இத்தொல்லைகளுக்கு ஒரு நேர்த்தியான பரிகாரம் கண்டனர். 1992 இல் அங்கு நடந்த வாயிற் கணிப்புகள் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை என்று கூறின. ஆனால் பழைமைக் கட்சியினர் 21 ஆசனப் பெரும்பான்மையுடன் வென்றனர். அத்தோல்வியினின்று பாடம் கற்றவர்கள், பின்னர் ஜோன் கேர்ட்டிஸ் முதலிய அறிஞர்களின் வழிகாட்டலில், தேர்தல்தோறும் இயன்றவரை அதே வாக்களிப்பு நிலையங்களுக்குச் சென்றனர். ஒரு நிலையத்தில் ஒரு கட்சிக்கு எத்தனை வீதம் என்பதைக் கொண்டு நாட்டைக் கணிக்காமல், அதே நிலையத்திற் சென்ற முறைக்கும் இம்முறைக்கும் என்ன மாற்றம் என்பதைக் கணித்தனர். ஒவ்வொரு நிலையமும் தன்னளவில் ஒருபக்கம் சாய்ந்திருப்பினும், மாற்றம் நாடெங்கும் ஒரு போக்கில் நிகழும் என்பது இதன் அடிப்படை. 2019 இற் பழைமைக் கட்சிக்கு 368 ஆசனங்கள் என்று இவர்கள் முன்கூறினர், கிடைத்தவை 365.

பல பானை கொண்ட மன்னாருக்கு இம்முறை மிகப் பொருந்துமே எனத் தோன்றும். பொருந்தவில்லை, ஏனெனில் அதே நிலையத்துக்கு அதே மக்கள் வருதல் வேண்டும். மன்னாரின் அண்மை வரலாறு அதனை மறுத்தது. 1990 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார்த் தீவின் முஸ்லிம்களிற் பெரும்பாலோர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்து புத்தளப் பகுதியிற் கொட்டிலமைத்து வாழத் தொடங்கினர். அதே காலத்திற் போருக்கஞ்சிய தமிழர் பலர் கடல் கடந்து இராமேசுவரத்தையும் மண்டபம் முகாமையும் சேர்ந்தனர். 2007 இல் முள்ளிக்குளத்து மக்களும் தம் ஊரைவிட்டு அகன்றனர். 2009 இற் போர் முடிந்தபின் சிலர் மீண்டனர், சிலர் மீளவில்லை, சிலர் இரண்டு இடங்களிலும் கால்வைத்து வாழ்ந்தனர். ஒரு தலைமுறையே புத்தளத்திற் பிறந்து வளர்ந்துவிட்டது. ஆகவே எருக்கலம்பிட்டி நிலையத்தில் 1989 இல் நின்ற வரிசையும் 2010 இல் நின்ற வரிசையும் பெயரளவில் ஓரூர் வரிசைகளே.

இடாப்பிற் பெயர் ஓரிடத்திலும் வாழ்வு மற்றோரிடத்திலுமாக இருந்த இம்மக்கள் வாக்களிக்கப் பல ஏற்பாடுகள் செய்யப்பட்டன. நெடுங்காலம் புத்தளத்திலேயே அவர்களுக்கெனத் தனி நிலையங்கள் அமைக்கப்பட்டன. 2013 இல் இடம்பெயர்ந்தோரைத் தம் பழைய ஊர் இடாப்பிற் பதிதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. பின்னர், மன்னாரிற் பதிந்திருந்து புத்தளத்தில் வாழ்ந்தோர், தேர்தல் நாளன்று பேருந்துகளில் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் வந்து வாக்களித்துத் திரும்ப நேர்ந்தது. 2019 நவம்பர் 16 ஆம் நாள், சனாதிபதித் தேர்தலன்று அதிகாலை, அவ்வாறு புத்தளத்திலிருந்து மன்னார் நோக்கி வந்த பேருந்து வரிசையை அனுராதபுர மாவட்டத்துத் தந்திரிமலையருகே சிலர் மறித்தனர். வீதியில் ரயர்கள் எரிக்கப்பட்டன, கற்கள் வீசப்பட்டன, துப்பாக்கியாற் சுடப்பட்டது. பேருந்துகள் சேதமுற்றன, நற்பேறாக உயிரிழப்பு நேரவில்லை. மக்கள் பயணத்தைத் தொடர்ந்து வாக்களித்தனர்.

இந்நிகழ்ச்சியைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அப்பேருந்துகளில் இருந்தோர் அப்போது வாக்களித்திருக்கவில்லை. அவர்களை எவரும் வினவவில்லை. கணிப்பு எதுவும் நடக்கவில்லை. ஆயினும் அவர்கள் எப்பக்கம் வாக்களிப்பர் என்று வழிமறித்தோர் முன்னரே தீர்மானித்திருந்தனர் எனக் கொள்வதற்கு இடமுண்டு. எந்த ஊரார், எந்தச் சமயத்தார், எங்கே செல்கின்றனர் என்பவை தெரிந்தமையே போதியதாயிற்று. தனியொருவரின் வாக்கு மறைவாக இருந்தும், கூட்டத்தின் வாக்கு மறைவாக இல்லை. இங்கேதான் கணிதமும் பாதுகாப்பும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஓரூரார் ஒரே வகையாக வாக்களிப்பதாற் கணிப்பு கடினமாகிறது. அதே காரணத்தால், கணிப்பு ஊர்வாரியாக வெளிவந்தால் ஊரே அடையாளம் காணப்படுகிறது.

இச்செய்தியை விரிக்குமுன், வாயிலில் நிற்பவருக்குரிய வேறு இரு இடர்களையும் சுருங்கக் கூறிவிடலாம். ஒன்று இலங்கை வாக்குச் சீட்டின் அமைப்பு. சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் முதல் விருப்புடன் இரண்டாம், மூன்றாம் விருப்புகளையும் குறிக்கலாம். 2024 செப்ரெம்பர் 21 ஆம் நாள் நடந்த தேர்தலில் எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்கைப் பெறாமையால், இந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்புகள் எண்ணப்பட்டன. "யாருக்கு வாக்களித்தீர்கள்?" என்ற ஒரு கேள்வி அன்று போதாது. பாராளுமன்றத் தேர்தலிலோ கட்சிக்குப் புள்ளடி இடுவதோடு மூன்று வேட்பாளருக்கு வரை விருப்பு வாக்கும் அளிக்கலாம். வெளியே வந்தவர் கட்சியின் சின்னத்தை மறக்கமாட்டார். மூன்று இலக்கங்களையும் ஒழுங்காக நினைவிற் கொண்டு கூறுவாரா என்பது ஐயமே.

மற்றொன்று ஆசனப் பங்கீடு. மன்னார் 1947 முதல் ஒருவரைத் தெரிவு செய்யும் தனித் தொகுதியாக இருந்தது, அவ்வாண்டு சி. சிற்றம்பலம் தெரிவானார். 1978 அரசியலமைப்பின் பின் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் இணைந்து வன்னித் தேர்தல் மாவட்டமாயின. 2024 நவம்பரில் அம்மாவட்டத்தின் வாக்காளர் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல், ஆசனங்கள் ஆறு. அவ்வாறு ஆசனங்களையும் ஐந்து கட்சிகள் பகிர்ந்துகொண்டன. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு. ஐக்கிய மக்கள் சக்தி, இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, இலங்கைத் தொழிற் கட்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. முதலிடம் பெற்ற கட்சியின் வாக்கே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்களவுதான். முதலாம் கட்சிக்கும் இரண்டாம் கட்சிக்கும் இடைப்பட்ட தூரம் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு. முதலிடத்துக்கென ஓர் ஆசனம் மேலதிகமாக வழங்கப்படுவதால், அந்த நான்குக்குள்ளேயே ஓர் ஆசனத்தின் விதி அடங்கியிருந்தது. நானூறு பேரைக் கேட்கும் கணிப்பின் விலகலோ ஐந்து! நிறுவைக் கல்லைக்காட்டிலும் பொருள் சிறிதாக இருக்கும்போது தராசை நம்புவது எங்ஙனம்?

இத்தகைய நெருக்கத்திற் பெரிய கணிப்புகளும் இடறும் என்பதற்குத் தமிழ்நாட்டின் 2016 சட்டமன்றத் தேர்தல் சான்று. மே 16 ஆம் நாள் வாக்களிப்பு முடிந்த மாலையிற் பெரும்பாலான வாயிற் கணிப்புகள் தி.மு.க. அணியே வெல்லும் என்றன. மூன்று நாளின் பின் வாக்குகள் எண்ணப்பட்டபோது, தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் 134 ஐ அ.தி.மு.க. கைப்பற்றியது. இரு அணிகளுக்கும் இடைப்பட்ட வாக்கு வேறுபாடு மிகச் சிறியது. அச்சிறு வேறுபாட்டின் திசையைக் கணிப்புகள் தவறாகக் கண்டன.

தவறுக்கு வேறொரு காரணமும் எப்போதும் உண்டு. கேட்கப்பட்டவர்களுள் விடை கூற மறுப்போர் இருப்பர். மறுப்போர் எல்லாக் கட்சியினரிலும் சமமாக இருந்தாற் கேடில்லை. ஒரு பக்கத்தார் மட்டும் மிகுதியாக மறுத்தால் ஆயிரம் பேரைக் கேட்டும் பயனில்லை. பிழையான திசையில் உறுதியாகச் செல்வதே பயனாகும். ஆகவே மறுத்தவரின் ஏறத்தாழ வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் கணிப்பாளர் குறித்துக்கொள்வர். மன்னாரில் அக்குறிப்பு மட்டும் போதியதன்று. மறுப்புக்கு அங்கே ஒரு வரலாறு இருக்கிறது.

2005 நவம்பரிற் சனாதிபதித் தேர்தல் நடந்தபோது, வடபகுதித் தமிழர் அத்தேர்தலைப் புறக்கணிக்குமாறு விடுதலைப் புலிகள் தடுத்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவே. வன்னியில் நூற்றுக்கு முப்பத்துநான்கு. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் வாழ்ந்தோர் வாக்களிக்க விரும்பினால், எல்லையைக் கடந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதியில் அமைந்த நிலையங்களுக்கு வரவேண்டியிருந்தது. வாக்களித்தவரின் விரலில் அழியாத மை பூசப்படும். கள்ள வாக்கைத் தடுக்க ஏற்பட்ட அம்மை, அக்காலத்தில் வேறொரு செய்தியையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றது. யாருக்கு வாக்களித்தார் என்பதை எவரும் கேட்கவேண்டியதில்லை; வாக்களித்தார் என்பதே ஒரு விடையாயிற்று. அத்தகைய நாட்களைக் கண்ட ஒருவரை, பாடசாலை வாயிலில் முன்பின் அறியாத ஒருவர் குறிப்பேட்டுடன் அணுகினால், அவர் புன்னகைத்துவிட்டு நடந்துசெல்வது இயல்பு. அன்றேல் கேட்பவருக்கு இனிக்கும் என்று தாம் கருதும் விடையைக் கூறுவார். அதனைப் பொய் என்று பழித்தல் தகாது, அது தற்காப்பு.

இனி மேலே குறித்த செய்திக்குத் திரும்பலாம். தேர்தற் சட்டம் தனியொருவரின் வாக்கை மட்டுமன்றி ஊரின் வாக்கையும் மறைக்க முயன்றிருக்கிறது. இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் ஓர் எண்ணும் நிலையத்துக்குப் பல வாக்களிப்பு நிலையங்களின் பெட்டிகள் வந்துசேரும். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சீட்டுகளின் தொகை, அந்நிலைய அலுவலர் கொடுத்த கணக்குடன் ஒப்பிடப்படும். அதன்பின் எல்லாப் பெட்டிகளின் சீட்டுகளும் ஒன்றாகக் கலக்கப்படும். கலந்த பிறகே கட்சிவாரியாகப் பிரித்து எண்ணுவர். பேசாலைச் சீட்டு எது, தாராபுரத்துச் சீட்டு எது என்பது அக்கணத்தோடு மறைந்துவிடுகிறது. எந்த ஊர் தமக்கு வாக்களிக்கவில்லை என்று தேடி, அவ்வூரின் வீதியையும் குழாய் நீரையும் மீன்பிடி இறங்குதுறையையும் மறுக்க நினைக்கும் வெற்றியாளருக்கு ஆதாரம் கிடைக்காது. உள்ளூராட்சித் தேர்தல் இதற்குப் புறநடை. வட்டாரமுறையில் நடைபெற்ற 2018 தேர்தலில் வாக்குகள் அவ்வந் நிலையங்களிலேயே எண்ணப்பட்டன.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. இந்தியாவில் வாக்குப்பதிவு இயந்திரம் வந்தபின், ஒவ்வோர் இயந்திரத்தின் எண்ணிக்கையும் தனித்தனியே வாசிக்கப்படுகிறது. இராமேசுவரத்தில் எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு என்பதைத் தேர்தலின் பின் எவரும் ஆவணத்திற் காணலாம். இது கூடாதென்று கருதிய இந்தியத் தேர்தல் ஆணையம், பல இயந்திரங்களின் எண்ணிக்கையை ஒன்றுசேர்த்துக் காட்டும் 'டோட்டலைசர்' என்னும் கருவியைப் பயன்படுத்தலாம் என 2008 இற் பரிந்துரைத்தது. சட்ட ஆணைக்குழுவும் 2015 இல் அதனை ஆதரித்தது. எனினும் அது நடைமுறைக்கு வரவில்லை.

மன்னாரில் மறைவு காக்கப்பட்டது என்று முழுமையாகக் கூறவும் இயலாது. 2010 இல் வன்னி முடிவுகள் வெளியானபோது, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, தபால் வாக்குகள் என்ற வரிசைகளோடு 'இடம்பெயர்ந்தோர் வாக்குகள்' என ஒரு தனி வரிசையும் இருந்தது. எண்ணும் வசதியை முன்னிட்டு நேர்ந்ததே அது. தீய எண்ணம் இருந்ததாகக் கருதவேண்டியதில்லை. ஆயினும் தம் ஊராரோடு கலந்திருக்கவேண்டிய சீட்டுகள் கலவாமல் தனியே நின்றன. இடம்பெயர்ந்தோர் எப்பக்கம் சாய்ந்தனர் என்பது ஓர் இரவில் நாடறிந்த செய்தியாயிற்று. வாயிற் கணிப்பு நடத்தாமலே வாயிற் கணிப்பின் விளைவு வந்துவிட்டது எனலாம்.

ஆகவே மன்னாரின் பாடசாலை வாயிலில் நிற்க விரும்பும் கணிப்பாளர், எண்ணும் நிலையம் கலந்துவைப்பதைத் தாம் பிரித்துவைக்கிறார் என்பதை உணர்தல் வேண்டும். மடித்த தாள் தனியொருவரைக் காக்கும், ஊரைக் காக்காது. ஊரைக் காப்பதற்கு வழி, ஊர்ப் பெயரை வெளியிடாமல் மாவட்ட அளவிலோ அதனினும் பெரிய அளவிலோ முடிவைக் கூறுவதே. வெளியிடும் நேரமும் அவ்வாறே. 1980 இல் அமெரிக்கத் தேர்தலன்று, மேற்குக் கரையோர மாநிலங்களில் மக்கள் இன்னும் வரிசையில் நிற்கையிலேயே, கணிப்புகளைக் கொண்டு வெற்றியாளர் பெயர் ஒளிபரப்பப்பட்டது. அது பெருங் கண்டனத்துக்கு ஆளாயிற்று. இந்தியாவில் 2009 இற் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி, முதற்கட்ட வாக்களிப்புத் தொடங்கியது முதல் இறுதிக்கட்டம் முடிந்து அரை மணி கழியும்வரை வாயிற் கணிப்பை வெளியிடலாகாது. இலங்கைச் சட்டமோ வாக்களிப்பு நிலையத்தின் அயலில் வாக்குச் சேகரிப்பைத் தடுத்திருக்கிறது. கணிப்பாளர் வாக்குச் சேகரிப்பவர் அல்லர். ஆனால் தொலைவில் நின்று காணும் ஊராருக்கு அவ்வேறுபாடு தெரியவேண்டும் என்பதும் இல்லை.

தேர்தல் நாளன்று மன்னாரில் வினாப் பத்திரத்துடன் செல்வோர் அறவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. 1987 இல் தோன்றிய பவ்ரல் அமைப்பும், 1997 இல் தோன்றிய தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையமும் தேர்தல்தோறும் நாடெங்கும் கண்காணிப்பாளரை அனுப்பிவந்துள்ளன. அவர்களுக்கும் வினாக்கள் உண்டு. நிலையம் குறித்த நேரத்தில் திறந்ததா? பெட்டி வெறுமையாக இருந்ததை முகவர்கள் கண்டனரா? மை ஒழுங்காகப் பூசப்பட்டதா? எவரேனும் திருப்பி அனுப்பப்பட்டனரா? வரும் வழியில் எவரேனும் தடுக்கப்பட்டனரா? 'யாருக்கு' என்ற வினா அப்பத்திரத்தில் இல்லை. 'எவ்வாறு' என்ற வினா மட்டுமே உண்டு. தந்திரிமலைச் செய்தி அன்று காலையிலேயே நாட்டுக்குத் தெரியவந்தது இத்தகைய வினாவின் பயன். வாக்காளர் இவ்வினாக்களுக்கு விடை கூறத் தயங்குவது குறைவு. கூறுவதால் அவர் வாக்கு வெளிப்படுவதில்லை. மறுநாள் அவர் ஊர் எவருடைய பழிப்பட்டியலிலும் ஏறுவதில்லை.

கச்சேரியிலிருந்து சில மணிக்கொரு முறை வரும் மற்றொரு கணக்கும் உண்டு. நண்பகல் வரை மன்னாரில் நூற்றுக்கு இத்தனை பேர் வாக்களித்தனர் என்று வானொலி அறிவிக்கும். எருக்கலம்பிட்டியில் தந்தையும் பேசாலையில் மகளும் தலைமன்னார்த் துறையில் தொழிலாளியும் அவ்வெண்ணைக் கேட்பர். அதில் யாருடைய பக்கமும் தெரியாது. வந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

வாக்களிப்பு முடிந்ததும் பெட்டிகளின் வாய் அடைக்கப்பட்டு முத்திரையிடப்படும். முகவர்கள் விரும்பினால் தம் முத்திரையையும் இடுவர். பொலிசார் காவலுடன் அவை பாடசாலைகளிலிருந்து எண்ணும் நிலையத்துக்குப் புறப்படும். அங்கே அலுவலர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, சீட்டுகளை எண்ணிக் கணக்கை ஒப்பிட்டபின், எல்லாவற்றையும் ஒரே மேசையிற் கொட்டி இரு கைகளாலும் கலக்குவர்.